தங்கூசியில் தொங்கிய ரயில்

சென்ற வருடம், வயல் அறுவடை முடிந்து வீதியெல்லாம் நெல் காயப்போட்டிருந்த நாட்களில், கல்முனைப் பக்கத்தில் என் மகளின் வீட்டு மேல்மாடியில் இது நடந்தது. மகளின் வீடு என்கிறேனே தவிர, கட்டியவன் நான்தான். எங்கள் பகுதியில் பெண்பிள்ளைக்கு ஒரு வீட்டைக் கொடுத்துத்தான் கலியாணம் முடித்து வைப்போம். கொடுத்த பிறகு அது அவளுடையது. மனைவி மௌத்தாகி நான் தனித்துப்போன பின் மேலே ஓர் அறையை மகள் எனக்கு ஒழித்துத் தந்தாள். எழுபதைத் தாண்டிவிட்டேன். நீர்ப்பாசனத் துறையில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மதகுக்கும் வாய்க்காலுக்கும் கதவு போட்டே என் உத்தியோக காலம் போயிற்று.

அந்த அறைக்குப் பக்கத்து அறையில் பேரப்பிள்ளைகள் விட்டுவிட்டுப் போன பெட்டிகள் கிடந்தன. ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைகள். கூடவே தண்டவாளம், எஞ்சின், இரண்டு பெட்டி, மோட்டார், மின்கலம் போடும் கூடு எல்லாம் இருந்தன. பிள்ளைகள் வளர்ந்து படிக்கப் போய்விட்டார்கள். தூக்கி வீசலாமா என்று மகள் கேட்டாள். அன்றைக்கு என்னுடன் இருந்த மச்சான், "வீசாத புள்ள, நானும் ஒன்ட வாப்பாவும் விளையாடுவம்" என்றார். பகிடிக்குத்தான் சொன்னார். அடுத்த நாள் பின்னேரம் அசர் தொழுகை முடிந்ததும் உண்மையாகவே வந்துவிட்டார்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். புவியியல் ஆசிரியராக இருந்தவர். நானும் அவரும் ஒரே வயது, ஒரே வகுப்பு, பல்கலைக்கழகமும் ஒன்றுதான். எங்கள் ஊர்களுக்கு ரயில் கிடையாது. மட்டக்களப்புக்குப் போய்த்தான் ஏற வேண்டும். அதனாலோ என்னவோ, ரயில் என்றால் இரண்டு பேருக்கும் ஓர் ஆசை.

அவருக்குச் சில காலமாக வலது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. நரம்பு சம்பந்தமான நோய். மருந்து குடித்தால் கொஞ்சம் குறையும், பிறகு திரும்பி வரும். கலியாண வீடுகளில் ஒரே தாலத்தில் சேர்ந்து உண்ணும் சோற்றுச் சஹனுக்கு முன்னால் நாலு பேரோடு உட்காருவதை அவர் விட்டுவிட்டார். பிறர் வீட்டில் தேநீர் கொடுத்தால், இப்பதான் குடித்தேன் என்று சொல்லிவிடுவார். ஆனால் மேல்மாடிக்கு வந்தால் அந்தக் கையை ஒளிக்க மாட்டார். மகள் பெரிய கோப்பையில் பாதிக்குத் தேத்தண்ணி ஊற்றி வைப்பாள், அவர் இரண்டு கையாலும் தூக்கிக் குடிப்பார். கட்டையைக் கட்டைமேல் வைத்து அழுத்தும்போது அந்த நடுக்கம் அடங்கிவிடும். அது எப்படி என்று எனக்குத் தெரியாது. அழுத்தி முடித்துக் கையை எடுத்ததும் மறுபடி தொடங்கும். "பாத்தியா, இதுக்கும் வேலை வேணுமாம்" என்று கையைக் காட்டிச் சிரிப்பார்.

மேசையில் ஒரு சுற்றுத் தண்டவாளம் போட்டோம். அதற்கு மட்டக்களப்பு என்று பெயர் வைத்தார். யன்னலுக்கு மேலே இருந்த பலகையில் இன்னொரு சுற்று. அது மலைநாட்டு நானுஓயா. பச்சைக் கட்டைகளால் அடுக்கடுக்காகத் தேயிலை மலை ஒன்றைக் கட்டினார். கீழிருந்து மேலே ரயில் எப்படிப் போவது என்றுதான் பிரச்சினை. சரிவுப் பாதை போட இடம் காணாது. அப்போது நான் சொன்ன யோசனைதான் லிஃப்ட். எஞ்சின் ஒரு தட்டில் ஏறி நிற்க வேண்டும். மோட்டார் கயிற்றைச் சுற்றி இழுத்துத் தட்டை மேலே கொண்டுபோக வேண்டும். மேலே தட்டும் தண்டவாளமும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் எஞ்சின் இறங்கி ஓட வேண்டும்.

"மட்டக்களப்பில ஏறி நேரா நானுஓயாவில இறங்கிற. ரயில்வேக்காரருக்கே தெரியாத பாதை" என்றார் மச்சான்.

சொல்வது இலகு. எஞ்சின் ஏறியதும் தட்டு ஒரு பக்கம் சரிந்தது. நாலு மூலைக்கும் தூண் வைத்து வழி காட்டினோம். தூண்கள் நடுவில் வயிறு தள்ளின. குறுக்கே கட்டைகள் பூட்டி இறுக்கினோம். மோட்டார் மூச்சு வாங்கியது. வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளைக் கடற்கரையில் வாங்கி வந்து, வெறும் தட்டின் பாரத்துக்குச் சரியாக மறுபக்கம் தொங்கவிட்டோம். ஒவ்வொரு பிழையையும் கண்டுபிடித்துத் திருத்துவதில் எனக்கு உத்தியோக காலத்து உற்சாகம் வந்துவிட்டது. பெட்டியோடு வந்த பருத்திக் கயிறு பார்க்க மெலிதாக இருந்தது. அது அறுந்தால் எஞ்சின் விழுந்து நொறுங்கும் என்று நானாகவே அதைக் கழற்றிவிட்டுத் தங்கூசியைப் போட்டேன். தங்கூசி என்றால் மீன்பிடிக்கிற நைலோன் நூல். பெரிய மீனே தாங்கும், இது தாங்காதா என்பது என் கணக்கு.

அதற்குப் பிறகுதான் பெரிய தொல்லை தொடங்கியது. தட்டு மேலே போகும், மட்டத்தில் நிற்கும், எஞ்சினை ஓடவிட்டால் தட்டும் தண்டவாளமும் சேரும் மூட்டில் தட்டித் தடம் புரளும். சில நேரம் சரியாகப் போகும். சில நேரம் போகாது. லிஃப்டின் பொத்தானை அழுத்தி நிறுத்துவது மச்சானின் வேலை. எஞ்சினை ஓட்டுவது என் வேலை. அதனால் பிழை எங்கே என்று தேட நான் வெகுதூரம் போகவில்லை.

"நீ கொஞ்சம் பிந்தி நிப்பாட்டுறாய்."

"இல்ல மச்சான். நான் நேராத்தான் நிப்பாட்டினன். நிண்ட பிறகுதான் அது கீழ போகுது."

"மோட்டார்ல இருக்கிறது திருகுப் பல்லு. அது பின்னுக்குச் சுத்தாது. நிண்ட லிஃப்ட் எப்படிக் கீழ போகும்?"

அவர் தட்டைக் கீழே இறக்கினார். இன்னொரு நாளும் அதையே சொன்னார். நானும் அதே பதிலைச் சொன்னேன். திருகுப் பல்லைப் பற்றி நான் சொன்னது முழுக்க உண்மை. அதில்தான் எனக்குத் துணிவு.

அந்த மாதத்தில் எனக்கு உம்ரா போக வாய்ப்புக் கிடைத்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் மக்காவுக்குப் புறப்படுகிறார் என்றால் சொந்தக்காரர் எல்லாரும் வீட்டுக்கு வந்து பயணம் சொல்லிப் போவார்கள். போகிறவர் எல்லாரிடமும், தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும்படி மாப்புக் கேட்பார். புறப்படுவதற்கு முந்திய நாள் பின்னேரம் வீடு நிறைந்திருந்தது. வந்தவர்களின் சின்னப் பிள்ளைகள் ரயிலைக் காட்டச் சொல்லிக் கத்தினார்கள். பிள்ளைகளோடு பெரியவர்களும் ஏறி வந்தார்கள். அறையில் கால் வைக்க இடமில்லை. மச்சான் வழக்கம்போல் பொத்தானைக் கையில் எடுத்தார். இத்தனை பேருக்கு முன்னால் அவர் அந்தக் கையை வெளியில் எடுத்து நான் கண்டது வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான்.

தட்டு மேலே போனது. நின்றது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நான் கொஞ்சம் காத்திருந்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டேன். எஞ்சின் மூட்டில் தட்டி, சரிந்து, பலகையிலிருந்து கீழே விழுந்து துண்டு துண்டாகச் சிதறியது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பொறியியலாளரின் லிஃப்ட். நான் சிரித்துக்கொண்டு சொன்னேன்: "ஒன்ட கை நிண்டாத்தானே மச்சான் லிஃப்ட் நிக்கும்."

அறையே சிரித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், மாமிமார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். பொத்தானை மேசையில் மெதுவாக வைத்தார். வலது கையை இடது கக்கத்துக்குள் செருகிக்கொண்டார்.

சிதறிய எஞ்சினைப் பிள்ளைகள் பொறுக்கித் தந்தார்கள், நான் பூட்டினேன். பிறகு பொத்தானை நானே எடுத்து, தட்டை மேலே கொண்டுபோய் மட்டத்தில் நிறுத்தி, உடனே எஞ்சினை ஓட்டிக் காட்டினேன். அழகாகப் போனது. மறுபடியும் கைதட்டல். எல்லாரும் கீழே இறங்கிய பின் எஞ்சினைத் திரும்பத் தட்டில் ஏற்றி, மேலே மட்டத்துக்கு மட்டமாக நிறுத்தி வைத்தேன். இப்படித்தான் நிறுத்த வேண்டும் என்று காட்டுவது போல. பார்க்க ஆள் இல்லாத அறையில் யாருக்குக் காட்டினேனோ தெரியாது. பிள்ளைகள் கை வைத்துவிடுவார்கள் என்று கதவைப் பூட்டித் திறப்பைப் பயணப் பையில் போட்டேன்.

அடுத்த நாள் காலை வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்டேன். மச்சான் வீட்டு வாசலிலும் கேட்டேன். "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பிழை உட்டிருந்தா அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்க மச்சான்." எல்லாருக்கும் சொன்ன அதே வசனம்.

"பொறுத்தன். நீயும் எனக்குப் பொறுத்துக்க. துஆவில எங்களையும் சேத்துக்க" என்றார்.

இரண்டு கையையும் நீட்டி முஸாபஹா செய்தார். என் உள்ளங்கைக்குள் அவருடைய வலது கை ஒரு சின்னக் குருவி போல அடித்துக்கொண்டிருந்தது. விமான நிலையத்துக்குப் போகும் வானுக்கு நேரமாகிறது என்று நான் கையை எடுத்துவிட்டேன்.

கஃபாவுக்கு முன்னால் நின்று அந்தக் கை சுகப்பட ஷிஃபா கேட்டு அழுதேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அழும்போது நான் நல்ல மனிதன் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது.

திரும்பி வந்த அன்று குளித்து, தொழுது, மேல்மாடி அறையைத் திறந்தேன். தட்டு தண்டவாளத்துக்குக் கீழே நின்றது. ஒரு கட்டை உயரத்துக்கு இறங்கியிருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மகளைக் கூப்பிட்டு, பிள்ளைகளை யார் உள்ளே விட்டது என்று கேட்டேன்.

"ஆரும் ஏறல்ல வாப்பா. திறப்பு உங்கட பையிலதானே மக்காவுக்குப் போனது" என்றாள்.

அவள் இறங்கிப் போன பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தட்டை மறுபடி மேலே கொண்டுபோனேன். கயிறு சுற்றும் உருளையில் பேனையால் ஒரு புள்ளி வைத்தேன். எஞ்சின் தட்டில் நிற்க, எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளி அசையவில்லை. திருகுப் பல் நான் சொன்னபடியே நின்றது. ஆனால் தட்டு இறங்கியது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெதுவாக, ஒரு நகக்கண் அளவு, பிறகு இன்னும் கொஞ்சம். பாரம் தொங்கத் தொங்கத் தங்கூசி இழுபட்டு நீளுகிறது. உருளையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்த சுற்றுகளும் வழுக்கி இறுகிக்கொள்கின்றன. நிறுத்திய கையோடு எஞ்சினை ஓட்டினால் போகும். கொஞ்சம் காத்திருந்தால் போகாது. அன்றைக்குக் கைதட்டலுக்குக் காத்திருந்தவன் நான். தங்கூசியைப் போட்டவனும் நான். நேராகத்தான் நிறுத்தினேன், நின்ற பிறகுதான் கீழே போகிறது என்று அவர் இரண்டு தரம் சொன்னது, நான் இப்போது கண்ணால் பார்த்ததை ஒரு சொல் மாறாமல் சொன்னதுதான்.

அவர் பொறுத்தேன் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. எதைப் பொறுத்தார்? நான் எதையும் சொல்லவே இல்லையே.

அன்று பின்னேரம் நான் மக்காவிலிருந்து கொண்டுவந்த ஸம்ஸம் தண்ணீருக்கும் பேரீச்சம்பழத்துக்கும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். உம்ரா முடித்து வந்தவனின் கையைப் பிடித்தால் பறக்கத், அருள் கிடைக்கும் என்று பிடிப்பவர்கள், தங்களுக்காகத் துஆ கேட்கச் சொல்பவர்கள். மச்சானும் வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்தார். அன்றைக்கு மேலே சிரித்த முகங்கள் பெரும்பாலும் இங்கேயும் இருந்தன. எல்லாருக்கும் முன்னால் சொன்னதை எல்லாருக்கும் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். அது நியாயம் என்று இன்றைக்கும் தோன்றும். ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அதைச் செய்திருக்கலாம்.

எழுந்து நின்று சொன்னேன். "அண்டைக்கு நான் மச்சானைப் பத்திச் சொன்ன பகிடி பிழை. அவர்ட கையில ஒரு குறையும் இருக்கல்ல. லிஃப்டைப் பழுதாக்கினது நான்தான். எல்லாருக்கும் முன்னால அவர்க்கிட்ட மாப்புக் கேக்கிறன்."

அந்த நேரம் மச்சான் ஸம்ஸம் குடிப்பதற்காக எழுந்து மக்கா இருக்கும் கிப்லாப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். சின்னக் கிளாஸ். எல்லாக் கண்களும் அந்தக் கைக்குத்தான் போயின. கிளாஸ் ஆடியது. தண்ணீர் அவருடைய சேட்டில் கொட்டியது. மிச்சத்தைக் குடிக்காமலே மேசையில் வைத்தார். யாரோ ஒரு பிள்ளை துணி எடுக்க ஓடியது.

"மாஷா அல்லாஹ். மக்காவுக்குப் போய் வந்த மனுசன்ட மனசைப் பாருங்க" என்றார் ஒரு மாமி. மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். புகழ் எனக்கு வந்து சேர்ந்தது.

கேற்றடியில் அவரை வழியனுப்பப் போனேன். அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபமாக இல்லை. பாடம் விளங்காத மாணவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அண்டைக்கு என்ட கையை ஒருக்கா காட்டினாய். இண்டைக்கு ரெண்டாந்தரமும் காட்டிட்டாய்."

"நான் மாப்புத்தானே கேட்டன் மச்சான்."

"கேட்டாய். ஆக்களுக்கிட்டக் கேட்டாய்."

சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார். ஏறவில்லை. அவர் சைக்கிளில் ஏறுவதையும் விட்டுவிட்டார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஏன் இன்னும் கொண்டு திரிகிறார் என்றால், கைப்பிடியைப் பிடித்திருந்தால் கை ஆடுவது தெரியாது.

அதற்குப் பிறகு அவர் மேல்மாடிக்கு வரவில்லை. பள்ளிவாசலில் காண்போம், ஸலாம் சொல்வோம், மழையைப் பற்றிக் கதைப்போம். மகள் அசர் தாண்டியதும் பெரிய கோப்பையை எடுத்து வைப்பாள். பிறகு திரும்ப உள்ளே வைப்பாள்.

நான் தனியே அந்த லிஃப்டோடு மல்லுக்கட்டினேன். தங்கூசியை அறுத்து வீசிவிட்டுப் பழைய பருத்திக் கயிற்றைப் பூட்டினேன். ஆனால் அது மட்டும் போதாது என்று தோன்றியது. பருத்தியும் ஒரு நாள் இழுபடும். நிறுத்துகிற கை யாருடையதானாலும் ஒரு நாள் பிந்தும். என் கையும்தான். உத்தியோக காலத்தில் நான் போட்ட மதகுக் கதவுகள் எதுவும் ஆளின் கண்பார்வையை நம்பி நின்றதில்லை. கதவு கீழே வந்து கொங்கிறீற் படியில் உட்காரும். இறக்குகிறவர் புதியவரா, வயதானவரா, தூக்கக் கலக்கத்தில் இருக்கிறாரா என்று படி கேட்பதில்லை. ஊரார் வயலுக்கெல்லாம் அப்படிப் படி கட்டிக் கொடுத்தவன், என் மச்சானின் கைக்கு ஒன்றைக் கட்ட நினைக்கவில்லை. கையைத் திருத்தத்தான் பார்த்தேன்.

தூண்களில் மடங்கும் நாக்குகள் வைத்தேன். தட்டு ஏறும்போது அவற்றை மடக்கிக்கொண்டு தாண்டிப் போகும். தாண்டியதும் அவை விரிந்துகொள்ளும். பிறகு தட்டைக் கொஞ்சம் இறக்கினால் நாக்குகளின் மேல் உட்கார்ந்துவிடும். கயிறு தொய்ந்தாலும் தட்டு அசையாது. கீழே கொண்டுவர நாக்குகளை உள்ளே இழுக்க ஒரு சின்ன நெம்பு. சொல்லும்போது சுருக்கமாக இருக்கிறது. நாக்குகள் ஒன்றாக விரியாமல், தட்டு கோணலாக உட்கார்ந்து, கழற்றிக் கழற்றிப் பூட்டி விரல் நுனி தேய்ந்தது. தூண்களைப் பிரிக்கும்போது பக்கத்தில் இருந்த தேயிலை மலையும் இடிந்து விழுந்தது. அதை எனக்குத் திரும்பக் கட்டத் தெரியவில்லை. நான் கட்டினால் மலை போல இல்லாமல் அணைக்கட்டுப் போல வந்தது.

ஒரு நாள் மச்சானின் வீட்டுக்குத் தனியே போனேன். மாப்பு என்ற சொல்லை எடுக்கவில்லை. "நானுஓயா சரிஞ்சி கிடக்கு மச்சான். எனக்குக் கட்ட வருகுதில்ல" என்றேன்.

"ஆர் சரிச்ச?"

"நான்தான். தூணைக் கழட்டக்குள்ள."

எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். பிறகு, "நீ ரெண்டு தரம் சொன்னாய், நான் கேக்கல்ல எண்டு ஒரு தரம் எனக்கிட்டச் சொல்லு" என்றார்.

அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான். அவர் கேட்டபடியே சொன்னேன். "நீ ரெண்டு தரம் சொன்னாய். நான் கேக்கல்ல. எல்லாருக்கும் முன்னால நான் வெக்கப்படாம இருக்க ஒன்னை வெக்கப்படுத்தினன்." கடைசி வசனம் அவர் கேட்காதது. அது வெளியே வந்த பிறகுதான் என் பிழை எது என்று எனக்கே தெரிந்தது.

"ம்" என்றார். "பாப்பம்" என்றார். அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீடு அடங்கியிருந்த நேரம் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வந்தவர் என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்தார். "இதென்ன, சேனாநாயக்க சமுத்திரத்து அணைக்கட்டா?" என்றார். கதிரையை இழுத்துப் போட்டு மலையைக் கட்டத் தொடங்கினார். அது முடிந்த பிறகுதான் லிஃப்டின் பக்கம் திரும்பினார். நான் எதையும் விளக்கவில்லை. பொத்தானை எடுத்து அழுத்தினார். தட்டு ஏறி நாக்குகளைத் தாண்டியது. இறக்கினார். டக் என்று உட்கார்ந்தது. நான் எஞ்சினைத் தொடவில்லை. அவரும் ஓட்டச் சொல்லவில்லை. நேரம் போகட்டும் என்று வேண்டுமென்றே காத்திருந்தார். பிறகு அவரே ஓட்டினார். எஞ்சின் மூட்டைத் தாண்டித் தேயிலை மலையைச் சுற்றி ஓடியது.

இரண்டாம் தரம் அவர் கையை அடக்கப் பார்க்கவில்லை. ஆடுகிறபடி ஆடவிட்டு, பிந்தி நிறுத்தினார். தட்டு அதே இடத்தில் உட்கார்ந்தது.

"இப்ப சரி" என்றார். கீழே பார்த்து, "புள்ள, தேத்தண்ணி" என்று மகளுக்குக் குரல் கொடுத்தார். பெரிய கோப்பை வருவதற்கு வெகுநேரம் ஆகவில்லை.

இப்போது வாரத்தில் சில நாள் வருகிறார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் சென்ற மாதம் ஒரு கலியாண வீட்டில், அன்று மேலே இருந்த ஓர் இளந்தாரி அவரைக் கண்டதும், கை நின்றால்தான் லிஃப்ட் நிற்கும் என்று அந்தப் பகிடியைச் சொல்லிச் சிரித்தான். பாசத்தோடுதான் சொன்னான். மச்சானும் சிரித்தார், கை கக்கத்துக்குள் போனது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். திருத்தப் போனால் மறுபடியும் எல்லாரும் அந்தக் கையைத்தான் பார்ப்பார்கள். லிஃப்டில் போட்ட பிழையைக் கழற்றி எடுக்க முடிந்தது, வாயால் போட்டதை முடியவில்லை. அதனால் யாரிடமாவது மாப்புக் கேட்கப் போகும்போது, எதற்காக என்று எனக்கே தெளிவாகத் தெரிகிறதா, நான் கேட்பதை வேறு யாராவது பார்க்க வேண்டும் என்று என் மனது விரும்புகிறதா என்று வாசலில் நின்று என்னையே ஒருமுறை கேட்டுக்கொண்ட பிறகுதான் இப்போதெல்லாம் ஸலாம் சொல்லுகிறேன்.